நூறு மில்லிக்கு மேலே

என் மனைவி நர்ஸ். இதைச் சொன்னால் இப்போது அவளே என்னை முறைப்பாள். க்ளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து துணி மடிக்கிறாள், கத்தரிக்கோல்களைக் கொதிநீரில் போட்டு எடுக்கிறாள், பஞ்சு உருட்டி டப்பாவில் அடைக்கிறாள். ஊசி போடுகிற அறைப் பக்கம் போவதில்லை. "கொஞ்ச நாளைக்கு உள்ள இருங்க சிஸ்டர்" என்று டாக்டர் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. நல்ல மனுஷன்தான், சம்பளத்தைக் குறைக்கவில்லை. இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

நான் லிஃப்ட் மெக்கானிக். மாடி வீடுகள், ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று எங்கே லிஃப்ட் நின்றாலும் என் போன் அடிக்கும். நாள் முழுக்க ஏச்சு வாங்குகிற தொழில், அதனால் எனக்கும் மூக்கு நுனியில் கோபம். இவள் அப்படியே நேர் எதிர். குரலே வெளியே வராது. ஆனால் அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. கேஸை அணைத்துவிட்டுப் படுத்தால் எழுந்து போய் ஒரு முறை பார்ப்பாள், திரும்பி வந்து, "பார்த்தேன்ல?" என்று என்னிடமே கேட்பாள். கல்யாணமான புதிதில், நான் பராமரிக்கிற கட்டிடம் ஒன்றுக்குப் பெருமையாகக் கூட்டிப்போனேன். லிஃப்டுக்குள் கால் வைக்காமல் வெளியே நின்று, "கயிறு எப்ப மாத்தினீங்க?" என்றாள். போன மாதம்தான் என்றேன். "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லங்க. எனக்குப் படி ஏறப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு ஐந்து மாடியும் நடந்தே வந்தாள். இதைச் சொல்லி எத்தனை வருஷம் கேலி செய்திருக்கிறேன்.

வேலையில் அந்தப் பயம்தான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. மருந்தின் பேரை ஒரு தடவை படிப்பாள், உடைக்கும்போது ஒரு தடவை, ஏற்றும்போது ஒரு தடவை. "வலிக்காது" என்று குழந்தைகளிடம் பொய் சொல்ல மாட்டாள். "வலிக்கும். நான் ரெண்டு எண்றதுக்குள்ள போயிடும்" என்பாள். சொன்னபடி போய்விடும். அந்தப் பேட்டையில் நரம்பு கிடைக்காத கிழவர்கள் எல்லாம் இவள் ஷிஃப்ட் எப்போது என்று விசாரித்துக்கொண்டுதான் வருவார்கள்.

முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒன்று நடந்தது. இரும்புச்சத்து மருந்தை ஒரு நர்ஸ் அவசரமாக ஏற்றிவிட்டாள். படுத்திருந்த பெண்ணுக்கு ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் பிழைப்பதற்குள் அந்த வார்டே ஆடிப்போய்விட்டது. பக்கத்துக் கட்டிலில் நின்று அதைப் பார்த்தவள் என் மனைவி. அன்றிலிருந்து இரும்பு மருந்து என்றால் அவள் கை தானாக மெதுவாகிவிடும்.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான கால், நீளமான கழுத்து, அதனால் சின்ன வயதிலிருந்தே நான் கூப்பிடுவது கொக்கு. அம்மாவும் போனபிறகு எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டுக்கு வந்த அண்ணியும் நாத்தனாரும் சண்டை போட்டுக்கொள்வார்கள், நடுவில் நின்று நாட்டாமை செய்யலாம் என்று நினைத்திருந்தேன். இவர்கள் இருவரும் சேர்ந்துகொண்டு என்னைத்தான் ஓரங்கட்டினார்கள். நான் ஒரு சொல் சொன்னால் இரண்டு பக்கமிருந்தும் பதில் வரும். டி.வி. பார்க்கிறபோது கொக்கு தன் காலைத் தூக்கி அண்ணி மடியில் போட்டுவிடுவாள். இவள் நாடகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு கெண்டைக்கால் தசையை அமுக்கிக்கொண்டே இருப்பாள். "எனக்கு முதுகு வலிக்குதுன்னு ஒரு வாரமா சொல்றேன்" என்பேன். "நீங்க என்ன பந்தயத்துலயா ஓடப்போறீங்க?" என்பாள் கொக்கு.

அவள் ஓடுவது பத்தாயிரம் மீட்டர். மைதானத்தை இருபத்தைந்து சுற்று சுற்ற வேண்டும். முதல் தடவை பார்க்கப்போன நான் பத்தாவது சுற்றில் தூங்கிவிட்டேன், அதற்கு ஒரு மாதம் பேச்சு வாங்கினேன். பகலில் பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கிற வேலை, விடியற்காலையிலும் சாயங்காலமும் ஓட்டம். சொல்லிக்கொடுக்கிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள், நாங்களும் அப்படியே. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாத ஆள். சாப்பிடும்போதும் தொங்கும்.

வெளிநாட்டுப் போட்டிக்கு நாட்டு அணி எடுக்கிற வருஷம் வந்தது. தேர்வு ஓட்டத்தில் முதல் இரண்டு இடம் வந்தால் அணியில் பேர். கொக்குக்கு வயது இருபத்தொன்பது. இதை விட்டால் அடுத்தது என்று ஒன்று கிடையாது என்பதை மாஸ்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து அவளுக்குக் கடைசிச் சுற்றுகளில் கால் வரவில்லை. "மனசு போகுது அண்ணி, கால் பின்னாடியே நின்னுடுது" என்றாள். இவள் அவளுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். மறுநாள் க்ளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "சாதாரண ஆளுக்கு இது போதும். நோய்னு சொல்ல முடியாது. ஆனா ஓடுற பொண்ணுக்கு இரும்பு பத்தாது" என்றார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. "சரி, நரம்பு வழியா ஏத்திடலாம்" என்றார்.

கொக்கு அப்போதே கேட்டாள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். "டாக்டர், இது தடை பண்ணின மருந்து இல்லையே?" என்று கேட்டாள். அவர் போனை எடுத்துத் தேடிப் பார்த்தார். "இரும்பு எல்லாம் தடையில இல்லம்மா, தைரியமா போட்டுக்கலாம்" என்றார். உண்மைதான், இரும்பு தடையில் இல்லை. வேறு ஒன்று இருந்தது. அது அவர் தேடிய இடத்தில் இல்லை.

ஏற்றின அன்று அவர்களைக் கூட்டிப்போக நான் வந்து உட்கார்ந்திருந்தேன். அலமாரியில் உப்புநீர் பாட்டில் இரண்டு அளவில் இருந்தது, சின்னது, பெரியது. இவள் பெரியதை எடுத்தாள். எனக்குப் பசி.

"சின்னதுல போட்டா சீக்கிரம் முடியும்ல?" என்றேன்.

"உங்களுக்குப் பசிச்சா போய் சாப்பிடுங்க. வேற யாராவதுன்னா சின்னதுல போட்டிருப்பேன். இது நம்ம வீட்டுப் பொண்ணு. நிறையத் தண்ணியில கலந்து மெதுவாத்தான் விடுவேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒரு கை கொக்கின் மணிக்கட்டில், ஒரு கை சொட்டுக்குழாயின் சக்கரத்தில். கடைசிச் சொட்டு இறங்குகிறவரை எழுந்திருக்கவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே தேர்வு ஓட்டம் வந்தது. கொக்கு இரண்டாவதாக வந்தாள். அன்று நான் தூங்கவில்லை. கடைசிச் சுற்றில் எழுந்து நின்று கத்திய கத்தலில் இரண்டு நாள் குரலே இல்லை. மாஸ்டர் என்னைக் கட்டிக்கொண்டார், அவருடைய விசில் என் மார்பில் குத்தியது. ஓட்டம் முடிந்த கையோடு ஊக்கமருந்துச் சோதனைக்குக் கூட்டிப்போனார்கள். சிறுநீர் கொடுத்தாள். அங்கிருந்த அம்மா, போன வாரத்தில் என்னென்ன மருந்து எடுத்துக்கொண்டாய் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். நம் ஆள் வாயெல்லாம் பல்லாக, "எங்க அண்ணி இரும்பு ஏத்தினாங்க. பெரிய பாட்டில், முழுசா!" என்றிருக்கிறாள்.

வீட்டில் வந்து அதையும் ஒரு பெருமையாகச் சொன்னாள். "எழுதுறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்கண்ணா. எவ்வளவு பெரிய பாட்டில்னு கேட்டாங்க. கையால காட்டினேன்."

எங்களுக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. தடகளச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தபிறகுதான் புரிந்தது. என்ன மருந்து என்பது கணக்கில்லை. வெறும் உப்புநீராகவே இருந்தாலும் சரி, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நூறு மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏறினால் அது குற்றம். அந்தப் பெரிய பாட்டிலில் இருந்தது இருநூற்றைம்பது. ஏன் இப்படி ஒரு சட்டம் என்று மாஸ்டரிடம் எகிறினேன். கெட்ட மருந்து போட்டுக்கொள்கிறவர்கள் நிறைய நீரை ஏற்றி ரத்தத்தைக் கலக்கி, தடயம் தெரியாமல் அழித்துவிடுகிறார்களாம். அதைத் தடுக்கத்தான் என்றார். நியாயம்தான், கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். ஆஸ்பத்திரியில் நோய்க்காகச் சேர்த்து ஏற்றினால் விலக்கு உண்டு. எங்கள் டாக்டரிடம் இருப்பது இரண்டு கட்டில் போட்ட க்ளினிக், அது ஆஸ்பத்திரிக் கணக்கில் வராது. இரும்பு குறைவாக இருந்தது நோய் கணக்கிலும் வராது, தெம்புக்குப் போட்டுக்கொண்ட கணக்குதான். சிறுநீரில் ஒரு தப்பும் இல்லை, சுத்தம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். இருந்தும் அணியிலிருந்து பேரை நிறுத்திவைத்து, விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் கொக்கு மேல் பாய்ந்தேன். "கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னா போதாதா? பாட்டில் சைஸை யாருடி கேட்டா?"

"அப்ப பொய் சொல்லணுமா?"

"பொய் சொல்ல வேணாம். வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல!"

"தப்புப் பண்ணலையேண்ணா, எதுக்கு வாயை மூடணும்?" என்று கேட்டுவிட்டு அழுதாள். இவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள், மறுபடி படித்தாள், மூன்றாவது தடவையும் படித்தாள், மருந்துப் பேரைப் படிக்கிற மாதிரி. பிறகு, "சின்ன பாட்டில் அலமாரியிலேயே இருந்துச்சு" என்றாள்.

டாக்டர் கை கழுவிவிட்டார். "ஏத்தலாம்னுதான் நான் சொன்னேன், எவ்வளவு தண்ணியிலன்னு சொல்லலையே" என்றார். அதுவும் உண்மைதான். அந்த வாரம் முழுக்க எல்லோரும் எங்களிடம் உண்மையாகவே பேசினார்கள், ஒருவராலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வழி கண்டுபிடித்தது மாஸ்டர். கொக்கு வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வந்தார். சமையலறை வாசலில் நின்று என் மனைவியிடம் நேராகவே கேட்டார்.

"பெரிய பாட்டில்தான் மாட்டினேன், ஆனா பாதிகூட ஏறல, நான் நிறுத்திட்டேன்னு நீங்க சொல்லணும் சிஸ்டர். நூறுக்குக் கீழேன்னு சொன்னாப் போதும். ஏத்தினது நீங்க, உங்க வார்த்தைதான் அங்க நிக்கும். பொண்ணு முழுசான்னு சொன்னது, தூக்கத்துல இருந்தா, தெரியாம சொல்லிட்டான்னு பார்த்துக்கலாம். அவகிட்ட மட்டும் இதைச் சொல்லாதீங்க. அவளுக்கு முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும்."

இவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள். வாழ்க்கையில் குழந்தையிடம்கூட வலிக்காது என்று பொய் சொல்லாதவள். கடைசியில், "அவ ஓடுவாளா?" என்றாள்.

"ஓடுவா. அதுக்கு நான் பொறுப்பு."

"சரி, சொல்றேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு பொய்தானே, யார் குடி முழுகப்போகிறது என்று நினைத்தேன்.

விசாரணை ஏழாவது மாடியில் நடந்தது. அன்றைக்கும் இவள் படியேறித்தான் வந்தாள், நான் கிண்டல் செய்யவில்லை. நீள மேஜை, ஒரு பக்கம் மூன்று பேர்: ஒரு வக்கீல், ஒரு டாக்டர், ஒரு காலத்தில் ஓடிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர். சங்கத்தின் பக்கம் பேச ஒரு வக்கீலம்மா. கெட்டவள் என்று திட்டலாம் என்றால் அதற்கும் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவு தன்மையாகப் பேசினாள். என் மனைவிக்குத் தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, அப்புறம்தான் கேட்டாள்.

"எவ்வளவு ஏறிச்சும்மா?"

"எண்பது, தொண்ணூறு இருக்கும். அப்புறம் நிறுத்திட்டேன். அவ தூங்கிட்டிருந்தா."

கொக்கு சட்டென்று நிமிர்ந்தாள். மாஸ்டர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

"மருந்தை அந்தப் பாட்டில்லதானே கலந்தீங்க? பாதியில நிறுத்தினா மருந்தும் பாதிதானே உள்ள போயிருக்கும்? மறுநாள் டாக்டர் எழுதினதுல முழு மருந்தும் போட்டாச்சுன்னு இருக்கே."

இதை மாஸ்டர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. என் மனைவி மட்டும் யோசித்திருப்பாள் போலிருக்கிறது, ஏனென்றால் அவள் தயங்கவில்லை.

"இல்லம்மா. மருந்தை முழுசா கொஞ்சத் தண்ணியில கலந்து வேகமா ஏத்திட்டேன்."

"வேகமா ஏத்தினா ஆபத்துன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அப்படிச் செஞ்சீங்க?"

"வேலை நிறைய இருந்துச்சு. அவசரம்."

"மத்தவங்களுக்கும் இப்படித்தான் ஏத்துவீங்களா?"

கையை மடியில் கோத்துக்கொண்டு, "சில சமயம்" என்றாள்.

மூவரில் டாக்டராக இருந்தவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பார்த்த பார்வை இருக்கிறதே, ஒரு கசாப்புக்காரியைப் பார்க்கிற பார்வை. பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். கேஸை அணைத்தபிறகும் எழுந்துபோய்ப் பார்க்கிறவள், என் கயிற்றை நம்பாதவள், என் மனைவி, அந்த மேஜை முன்னால் உட்கார்ந்துகொண்டு தன்னைத்தானே ஒரு பொறுப்பற்ற கொலைகாரி ஆக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எழுந்தது நானில்லை.

"எழுதாதீங்க சார்" என்றாள் கொக்கு. மாஸ்டர் பிடித்திருந்த கையை உதறியதில் அவருடைய நாற்காலி கிறீச்சிட்டது. "எழுதாதீங்க. அண்ணி பொய் சொல்றாங்க. நான் தூங்கவே இல்ல. முழு பாட்டிலும் ஏறிச்சு. என் கையைப் பிடிச்சிட்டு, கடைசி சொட்டு வரைக்கும் அசையாம உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னுதான் பெரிய பாட்டிலே எடுத்தாங்க. வேகமா ஏத்தினாங்களாம்! இவங்களா? எங்க அண்ணனைக் கேளுங்க, பசியில கத்திட்டிருந்தாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

"உட்காருடி" என்றாள் என் மனைவி. அதட்டக்கூடத் தெரியாத குரல், அழுகிற மாதிரிதான் வந்தது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் சொல்றதுதான் நிஜம்." யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

கொக்குக்கு இரண்டு வருஷம் தடை. உண்மையைச் சொன்னதால் குறைத்தார்களாம். விசாரணையில் பொய் சொன்னதற்காக என் மனைவிக்கு நான்கு வருஷம். அவள் எந்த ஓட்டக்காரிக்கும் வைத்தியம் பார்க்கக்கூடாது, மருந்து கொடுக்கக்கூடாது. மாஸ்டர் மேல் ஒன்றும் வரவில்லை, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டபோது இவள் வாயே திறக்கவில்லை. செய்தி க்ளினிக் வரை வந்தது. பொய் சொன்ன நர்ஸ் என்றார்கள் சிலர், அவசரமாக ஏற்றுகிற நர்ஸ் என்றார்கள் சிலர். ஆளுக்கு எது பிடித்ததோ அதை எடுத்துக்கொண்டார்கள். நரம்பு கிடைக்காத கிழவர்கள் மட்டும் கொஞ்ச நாள் இவளைத் தேடினார்கள். பிறகு அவர்களும் வேறு கைக்குப் பழகிவிட்டார்கள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

"உன்னை யாரு கேட்டா? நான்பாட்டுக்குச் சொல்லி முடிச்சிருப்பேன்ல?"

"உங்க பேரு கெட்டுப்போகுது, நான் பார்த்துட்டு உட்காரணுமா?"

"என் பேரை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? நீ ஓடியிருக்கலாமேடி. ஓடியிருக்கலாமே."

கொக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அணியில் அவளுடைய இடம் மூன்றாவதாக வந்த பெண்ணுக்குப் போனது. அந்தப் போட்டியை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் முடியட்டும், முப்பத்தொன்றில் ஓடினவர்கள் இல்லையா என்றாள் கொக்கு. மைதானத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் தெருவில் ஓடினாள், தனியாக. மாஸ்டர் ஒரு நாள் போன் செய்தார். சங்கத்து அதிகாரியிடம் விசாரித்தாராம். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே பானையில் சாப்பிடலாம், அது குடும்பம், யாரும் கேட்க முடியாது. ஆனால் வைத்தியம், மருந்து, மசாஜ், பயிற்சிக்கு யோசனை, இதெல்லாம் தடை வாங்கியவளிடமிருந்து வாங்கினால் கொக்கு மேல் திரும்பவும் புகார் வரும். "இன்னொரு தடவைன்னா அவ்வளவுதான். ஒரு தைலம்கூடத் தேய்ச்சுவிடச் சொல்லாதீங்க" என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து கொக்கைத் தொடுவதை நிறுத்திவிட்டாள்.

தொடுவதை என்றால் தொடுவதையேதான். டி.வி. பார்க்கும்போது தனி நாற்காலிக்குப் போய்விட்டாள். ஒரு தடவை கொக்கு விரலை வெட்டிக்கொண்டு ரத்தத்தோடு நின்றாள். இவள் பிளாஸ்டர் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டாள். காய்ச்சல் வந்தால் என்னைத்தான் நெற்றியில் கை வைத்துப் பார்க்கச் சொல்வாள். எனக்குச் சூடு தெரிந்தால் அது காய்ச்சலா, என் கை மோட்டாரில் கிடந்த சூடா என்று யாருக்குத் தெரியும்?

"இது கிறுக்குத்தனம். தலையில கை வச்சா வைத்தியமா? கெண்டைக்காலை அமுக்கினா எவன் வந்து பார்க்கப்போறான்?" என்று கத்தினேன்.

"எது வைத்தியம், எது வைத்தியம் இல்லன்னு எனக்குத் தெரியலைங்க. அளவு தெரியாமத்தானே போன தடவை இப்படியாச்சு. அதனால எதுவுமே வேணாம்."

கொக்கு கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு அமைதியாகிவிட்டது. எனக்கு எதிராகச் சேர்ந்துகொள்ள ஆள் இல்லை. அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது வருஷக் கடைசியில் கொக்குக்குப் பழைய களைப்பு திரும்பியது. வேறு ஆஸ்பத்திரியில் காட்டினோம். அதே இரும்பு, அதே மாத்திரை, அதே வாந்தி. நரம்பில் ஏற்ற அவள் சம்மதிக்கவில்லை, சின்ன பாட்டில் என்றால்கூட மாட்டேன் என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டாலே முகம் வெளுத்தது. இருந்தும் ஓடப்போனாள். நான் தடுத்தேன், கேட்டால்தானே?

ஒரு சாயங்காலம் ஓடிவிட்டு வந்தவள் செருப்பு வைக்கிற இடத்தைத் தாண்டவில்லை. தடால் என்று சத்தம். நான் குளியலறையிலிருந்து ஓடிவந்தேன். குப்புற விழுந்து கிடந்தாள், உதடெல்லாம் வெள்ளை. இவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னங்க, நிமிர்த்திப் படுக்க வைங்க. தலையை ஒரு பக்கமாத் திருப்புங்க. காலைத் தூக்கி அந்த ஸ்டூல் மேல வைங்க. நாடி பாருங்க. அங்க இல்ல, கட்டைவிரலுக்கு நேர் கீழ. அழுத்தாதீங்க, மெதுவா."

எனக்கு நாடி கிடைக்கவில்லை. எது அவள் துடிப்பு, எது என் துடிப்பு என்று தெரியவில்லை.

"நீ வந்து பாருடி!" என்று கத்தினேன். "உசுரு போற நேரத்துலயுமா சட்டம் பார்ப்ப? நீ மனுஷிதானா?"

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. நான் தொடமாட்டேன்." கன்னம் முழுக்கக் கண்ணீர், ஆனால் கால் நகரவில்லை. "ரெண்டு வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கா. என்னால இன்னொரு தடவை அவளுக்கு ஒண்ணும் வரக்கூடாது. விரலை இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமா வைங்க."

கொக்கு கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சமையலறை வாசல் பக்கம் பார்த்தாள்.

"அண்ணி."

"பேசாதடி. அப்படியே படு."

"அண்ணி, நான் இனிமே ஓடல."

"மயக்கத்துல உளறாத."

"உளறல. விழறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன், ரொம்ப நாளாச்சு. சொல்ல வாய் வரல." மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "நான் ஓட்டக்காரி இல்ல. இப்பத் தொடலாம்ல?"

என் மனைவி நின்றாள். பிறகு கையை அவிழ்த்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். என் விரல்களை எடுத்துத் தள்ளிவிட்டு, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்ததும், "இருக்கு. நல்லாத்தான் ஓடுது" என்றாள். கொக்கு அந்தக் கையை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மறுநாள் காலையில் சங்கத்துக்குப் போன் செய்து, இனி எந்தப் போட்டியிலும் இல்லை, பேரை எடுத்துவிடுங்கள் என்று சொன்னாள். மாஸ்டர் ஓடிவந்து வாசலில் நின்று கெஞ்சினார். யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. தடை முடிய அப்போது ஒரு மாதம்கூட இல்லை.